நாடா பிடித்தவன்

தாண்டிக்குடிக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவே
நான்கு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல்.
நாடாவின் ஒரு நுனி என் கையில்.
ஒன்று நாற்பது என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மழை பிடித்ததும் தார்ப்பாய்க்குள் வழக்கு தொடங்கியது.
மழை பொய்த்ததால் போனார்கள் என்றார் திலோத்தமை,
சதுப்பில் எடுத்த சேற்றுக்குழாயைத் தட்டி.
அவர் முழங்கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
வழி மாறியது என்றார் ஜெரால்டு:
மிளகு வேறு கணவாயில் இறங்கிவிட்டால்
சூதுபவள மணி எதற்கு மலையேறும்?
காய்ச்சலாக இருக்கலாம் என்ற பையனை
எலும்பு எங்கே என்று இருவரும் மடக்கினார்கள்.
இந்த மண் எலும்பைத் தின்னும் என்றான் அவன்,
டீயைப் பார்த்து.

என் மாமன் மகன் சடையாண்டி
பதினோரு வருஷம் முன் வீட்டைப் பூட்டிப் போனான்.
வாழையில் முடிக்கொத்து நோய் என்கிறது மேலத்தெரு.
சொசைட்டிக் கடன் என்கிறது கீழத்தெரு.
கிணற்றுப் பங்கில் அண்ணனோடு பேச்சில்லை என்பாள்
பால் ஊற்றுகிறவள், குரலைத் தணித்து.
காட்டெருமை என்பவர்களும் உண்டு.
எல்லாம் நிஜம்.
எல்லாவற்றோடும் ஆறு வருஷம்
அவன் இங்கேதான் இருந்தான்.

திருப்பூருக்குப் போன் போட்டு ஒருமுறை கேட்டேன்.
தறிச் சத்தத்துக்கு நடுவே யோசித்து,
"அன்னிக்கு பஸ்ஸு சீக்கிரமா வந்துருச்சு" என்றான்.

இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.
மழை விட்டது.
அடுத்த கல்திட்டை. கிழக்குப் பலகையில் வட்ட ஓட்டை;
ஆள் நுழையாது, கை நுழையும்.
முப்பத்தெட்டு என்றேன்.
இல்லை, முப்பத்தேழரை.
ஈரத்தில் நாடா
கொஞ்சம் நீண்டிருக்கலாம்.