மூன்று நாள், இருபத்தேழு டிகிரி

கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.
பகலில் என்னுடையது, இரவில் முனவ்வருடையது.
ஷிப்டு மாறும்போது சாவியைக் கொடுப்பேன்,
கூடவே என் ராஜ்ஜியத்தையும்.
நாளைக்கு ஆளுக்கொரு முறை, அதுதான் ஒப்பந்தம்.
ஆடியில் தொடங்கினோம். இப்போது மாசி.
கி.மு. நாலாயிரத்திலிருந்து
கி.பி. ஆயிரத்து நூறுக்கு வந்திருக்கிறோம்.

அவன் ஊர்களுக்குப் பெயர் வைத்த லட்சணம்:
ஏரேட்டர் ஒன்று, ஏரேட்டர் இரண்டு, கிளாரிஃபையர்.
பம்பு ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வரும்.
எனக்குத் திமிரி, கலவை, சோளிங்கர்,
தலைநகரம் ராணிப்பேட்டை, ஆற்றை ஒட்டி.
விளையாட்டில் பாலாறு பன்னிரண்டு மாதமும் ஓடும்.
முதல் நாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்கரத்தை விட்டேன், குதிரையை விட்டேன்,
எழுத்துக்கு நேரே போனேன்.
திமிரியில் நூலகத்தைக் காசு கொடுத்து எழுப்பினேன்.
கலவையில் மூன்று பேரை ஏரிலிருந்து அவிழ்த்து
அறிஞர் என்று உட்காரவைத்தேன்.
ஊர் மெலிந்தது, சாகவில்லை.
சாகாத அளவுக்கு எவ்வளவு சோறு என்று
திரையிலேயே போட்டிருக்கும்.
மலைக்காட்டை வெட்டினால் முப்பது சுத்தியல், ஒரே ஒரு தடவை.
வெட்டினேன்.
பல்கலைக்கழகம் ஆறு முறை முன்னதாக வந்தது.

அதிசயம் எதுவும் கட்டவில்லை.
வடாற்காட்டில் பிறந்தவளுக்கு அதிசயம் எதற்கு?
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை என்று
இல்லாததைத்தான் விரல் விட்டு எண்ணுவோம்.

மேசைக்கு இந்தப் பக்கம் இன்குபேட்டர்.
தோல் ஷெட்டுகளிலிருந்து வந்து
எங்கள் தொட்டிகளில் நுரைத்துச் சுழன்று
வெளியே போகும் தண்ணீர்
பன்னிரண்டு பாட்டிலில் இருட்டில் நிற்கிறது.
கண்ணுக்குத் தெரியாதவை உள்ளே மூச்சு விடுகின்றன.
எவ்வளவு காற்றைத் தின்றன என்று அறிய
மூன்று நாள், இருபத்தேழு டிகிரி.
எந்தக் கலவையிலிருந்து
எத்தனை பேரை அவிழ்த்து வந்தாலும்
மூன்று நாள்தான்.

புதன்கிழமை மேனேஜர் வந்து நின்றார்.
மறுநாள் ஆய்வு.
"ரிசல்ட் எங்கம்மா?"
"நேத்துதான் சார் வெச்சேன்."
"போன மாசத்து நம்பர் இருக்குல்ல, இருபத்தெட்டு,
அதையே கொஞ்சம் அசைச்சுப் போடு."
அசைச்சு என்றபோது
தொட்டில் ஆட்டுவதுபோல் விரலை ஆட்டினார்.
பேனாவை எடுக்கவில்லை என்று சொன்னால் பொய்.
இருபத்து வரை மனசுக்குள் எழுதிவிட்டேன்.
பிறகு கட்டத்தில் 'சோதனையில்' என்று போட்டேன்.
அவர் போன பிறகு பார்த்தால் கை வியர்த்திருந்தது.

அன்றிரவு முனவ்வர் என் வேதியியலைத் திருடினான்.
நான்கு மாதமாகச் சோளிங்கரில் ஒற்றன் வைத்திருந்தானாம்.
காலையில் கீபோர்டு மேல் ஒரு பொட்டலம் மக்கன் பேடா,
பம்பு லாக் தாளில் ஒரு வரி:
'மன்னிப்பு அல்ல, கப்பம்.'
நூறு முறை ஊரைப் பட்டினி போட்டு நான் சேர்த்ததை
ஒரு ராத்திரியில் எடுத்துக்கொண்டவன்
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறான், பாருங்கள்.

வெள்ளி. பாட்டிலைத் திறந்தேன்.
ஸ்டார்ச் விட்டதும் கருநீலம்.
ப்யூரெட்டிலிருந்து சொட்டு, சொட்டு,
இன்னொரு சொட்டு,
நீலம் இல்லை.
அவசரப்பட்டால் அந்தச் சொட்டைத் தாண்டிவிடுவோம்.
முப்பதுக்குள் இருக்க வேண்டும்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று என்று எழுதி
மை காயட்டும் என்று திறந்தே வைத்தேன்.

மாலை என் முறை.
வெட்டிய மலை வழவழவென்று பழுப்பாக இருந்தது.
ஓர் ஆளைக் கொண்டுபோய் அதன்மேல் நிறுத்தினேன்.
சுரங்கம் தோண்டலாம், ரோடு போடலாம்.
மரம் நடப் பொத்தான் மங்கிக் கிடந்தது.
'அதற்கான அறிவு இன்னும் இல்லை' என்றது திரை.
எத்தனை முறை ஆகும்? தொண்ணூற்றாறு.
கலவையில் இன்னும் இரண்டு பேரை அவிழ்த்தால்
எண்பத்தொன்று.
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது
வாசலில் ஷூவைக் கழற்றியபடி முனவ்வர் கேட்டான்:
"பேடா சாப்டீங்களா மேடம்?"

சாப்பிடவில்லை. எறும்பு வந்திருந்தது.