பஞ்சு

அடித்தளத்தில் இரண்டு இயந்திரங்கள், ஒரு டிரையர்.
மேலே நாற்பத்தெட்டு வீடுகள்.

கோதன்பர்க்கில் நான் முதலில் முழுசாய்ப் படித்த வாக்கியம்
சலவை அறைக் கதவில் ஒட்டியிருந்தது:
"பஞ்சை எடுக்காமல் போனவருக்கு.
இங்கே நாங்கள் அப்படிச் செய்வதில்லை."
கையெழுத்து இல்லை.
ஒரு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு.

அகராதியைப் புரட்டினேன்.
சுவீடிஷில் நாங்களும் நாமும் ஒரே சொல்தான்.
நாங்கள் என்று படித்தது நான்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு ஞாயிறு.
ஐந்தாம் மாடி ஹோதனுடைய நேரம், காலை ஏழு மணி.
மொகதிஷுவில் கணக்கு டீச்சர், இங்கே பதினாறாம் எண் பஸ் ஓட்டுகிறாள்;
மூன்று நிமிடம் தாமதித்தால் முகம் சிவப்பவள்.
டிரையருக்குள் ஸ்டூரேயின் காலுறைகள்.
வடிகட்டியில் விரல் கனத்துக்குப் பஞ்சு.

என்னிடம் பேனா வாங்கினாள்.
அதே வாக்கியம், ஓர் எழுத்துப்பிழையுடன்.
அடிக்கோட்டில் தாள் கிழிந்தது.

யார் வீட்டு டிவியிலோ
ஒருங்கிணைப்பு தோற்றுப்போனதென்று
கரகரத்த குரல் ஒன்று தேர்தல் பேசிக்கொண்டிருந்தது.

ஸ்டூரே வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இருமுறை படித்தார்.
சட்டைப்பை பென்சிலால் பிழையைத் திருத்தினார்.
பிறகு முனகிக்கொண்டே குனிந்து
பஞ்சை உரித்தார்.
கிழியாமல் வந்தது,
நாற்பத்தெட்டு வீட்டுத் துணியும் உதிர்ந்த
ஒரே சாம்பல் தகடு.
கையில் வைத்துக்கொண்டு குப்பைக்கூடையைத் தேடினார்.

ஹோதன் எழுதியது நாங்களா, நாமா?
கேட்க வாயெடுத்தேன். எந்த மொழியில் கேட்பது?

"ஏழு பத்து" என்றாள்,
காலுறைகளை அவர் கையில் திணித்தபடி.