மீதி உறக்கம்

இரவு இரண்டு நாற்பது. காசவனஹள்ளி.
போன் அலறி என்னை எழுப்பக் காரணம்
4417 என்று ஒரு புராசஸ்.
படிக்கக் கேட்டுவிட்டுத் தூங்குகிறது.
கேட்டது வரவில்லை.

எல்லாத் தூக்கமும் ஒரே தூக்கம் இல்லை.
சாக்கெட் வாசலில் காத்துக் கிடப்பதை
ஒரு சிக்னல் தோளில் தொட்டால் போதும்,
வெறுங்கையோடு திரும்பி வந்து
நடுவில் கூப்பிட்டார்கள் என்று சொல்லும்.
அது தோல்வி இல்லை,
மறுபடி போய்க் கேள் என்று அர்த்தம்.
மார்ச் ரிலீஸ் அவசரத்தில்
அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது நான்தான்.
அது வேறு ராத்திரி.

பாதி வந்த பிறகு தட்டினால்
பிழை என்று சொல்லாது.
நூறு பைட் கேட்டு முப்பத்தேழு வந்திருந்தால்
முப்பத்தேழு என்று சொல்லும்.
நேற்று தண்ணீர் லாரி பைரப்பா
சம்பில் இறக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்து
ஹோஸைச் சுருட்டினார்.
"அர்தா ஆய்த்து மேடம்."
பாதிக்குத்தான் காசு வாங்கினார்.

4417 அப்படி இல்லை.
அதன் பக்கத்தில் D என்று ஓர் எழுத்து.
பதினைந்து அனுப்பினேன்.
ஒன்பது அனுப்பினேன்,
யாரும் மறுக்க முடியாத ஒன்பது.
அதுவும் போய் வாசலில் நின்றுகொண்டது.
டிஸ்க் பதில் சொன்னால்தான்
இது சாகவே முடியும்.

"ரீபூட் பண்ணிடலாமா?" லைனில் இம்ரோஸ்.
பின்னால் அவன் குழந்தை இருமுகிறது.
பொறு என்றேன்.
எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

மூன்று ஐந்துக்கு டிஸ்க் வாய் திறந்தது.
இத்தனை நேரம் கேட்டது அத்தனையும் வந்தது,
ஒரு பைட் குறையாமல்.
4417 கண் விழித்தது.
படிக்கவில்லை.
வாசலில் நின்ற ஒன்பது முந்திக்கொண்டது.

இம்ரோஸ் கொட்டாவியோடு வைத்துவிட்டான்.
டிக்கெட்டில் "சரியானது" என்று எழுதி
அழித்து
"முடிந்தது" என்று எழுதினேன்.

தூங்கு என்று கேட்கும் கால் ஒன்று உண்டு.
எழுப்பிவிட்டால் தானாகத் தொடராது,
எந்தக் கொடி வைத்தாலும்.
ஆனால் போகும்போது
மீதி எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போகும்.
எனக்கு மூன்று மணி ஐம்பது நிமிஷம்.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
கீழே யாரோ மோட்டார் போட்டுவிட்டார்கள்,
பாதிச் சம்பு தீர்ந்து
அது காற்றை இழுக்கத் தொடங்குகிறது.