கம்பளிக் கணக்கு

சேணத்தை இறக்கினால்
பங்கஜத்தின் முதுகில் இன்னொரு சேணம் இருக்கிறது,
வேர்வையால் ஆனது.

சிலந்தியாற்றிலிருந்து கோவிலூர் ரோட்டுக்கு
தினம் மூன்று நடை.
நடைக்கு இரண்டு மூட்டை முட்டைக்கோஸ்.
மேலே லாரி நிற்கும் இடத்தில் எப்போதும் காற்று.
மூட்டையை எண்ணி, துண்டுச் சீட்டு எழுதி,
டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை
ஆவி பறக்க நிற்பாள்.
பிறகு ஆவி அடங்கும்.
பிறகு நடுங்குவாள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் ஐப்பசி.
பஞ்சாயத்து ஆபீஸ் காலண்டரில் துலாம்.
அவளுக்கு இரண்டும் தெரியாது.
பொழுது குறுகியதைத் தோலே கணக்கெடுத்து
விரற்கடை நீளத்துக்கு ரோமம் வளர்த்துவிட்டாள்.
தாடைக்கடியில் கிடாயைப் போலத் தாடி வேறு.

வெட்டிவிடு என்கிறார் டாக்டர் ஷைனி.
"சுமக்குற குதிரைக்கு இது பாரம் கேட்டோ.
நனஞ்சா உணங்காது.
சளி நெஞ்சுல இறங்கும்."

வேண்டாம் என்கிறான் என் தம்பி அருமைநாயகம்.
"கடவுள் தந்த கோட்டைக் கழற்றிட்டு
நீ எதைப் போட்டுவிடுவே?"
அவன் ஜீப் ஓட்டுகிறவன், குதிரை பற்றி ஒன்றும் தெரியாது.
ஆனாலும் கேள்வி கேள்விதான்.

பிஜுவின் சலூனில் மெஷின் இருக்கிறது.
ஆள் தலைக்கு நூறு ரூபாய்,
குதிரைக்கு எவ்வளவு என்றேன்.
தலைக்கு மட்டுமா என்று சிரித்தான்.
பிறகு அவனே
பழைய மெஷினைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து
திருப்பித் தர வேண்டாம் என்றான்.

வீட்டில் கம்பளி மூன்று.
ஒன்று என்னுடையது,
எஸ்டேட்டில் பெயர் வெட்டுவதற்கு முந்தின வருஷம்
கம்பெனி கொடுத்தது.
ஓரத்தில் சிவப்புக் கோடு, மூலையில் நம்பர் தைத்தது.
ஒன்று பெனிலாவுடையது.
கோட்டயத்துக்கு நர்சிங் படிக்கப் போகையில்
அங்கே புழுக்கம் என்று விட்டுப் போனாள்.
மூன்றாவதை எலி கடித்திருக்கிறது, நட்டநடுவில்.

பெனிலாவுடையதைக் கொடுத்தால்
டிசம்பர் இருபத்திரண்டு வரை பங்கஜத்துக்குக் கவலையில்லை.
அன்றைக்கு காலேஜ் லீவு.
அதற்குப் பிறகுதான்
இங்கே புல் மேல் உறைபனி விழும்.

நான்கு நாள் இந்தக் கணக்கையே போட்டேன்.
கூட்டினாலும் கழித்தாலும்
ஒரு கம்பளி குறைகிறது.

நேற்று ராத்திரி கரண்ட் இருந்தது.
கொள்ளு வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன்.
சத்தம் பழகட்டும் என்று கழுத்தருகே பிடித்தேன்.
காதை மட்டும் திருப்பினாள்.
நெஞ்சுக்குக் கீழே ஒரே ஒரு கீற்று.

உள்ளே வேறு நிறம்.
புளியங்கொட்டை நிறக் குதிரைக்குள்
எலி நிறத்தில் ஒரு குதிரை
இத்தனை நாளும் ஒன்றும் சொல்லாமல் நடந்திருக்கிறது.
விரலை வைத்தேன், கொதித்தது.

நெஞ்சு, வயிறு, கழுத்தின் அடிப்பக்கம்
இவ்வளவுதான் எடுத்தேன்.
சேணம் உட்காரும் இடத்தை விட்டுவிட்டேன், உரசினால் புண்ணாகும்.
மழை விழுகிற முதுகு அவளுடையது.
வேர்க்கிற வயிறு நான் ஏற்றிய மூட்டையால் வேர்க்கிறது.
அதற்கு மேல் எனக்கு நியாயம் சொல்லத் தெரியவில்லை.
மெஷினும் சூடேறி வாடை அடித்தது.
தரையில் கிடந்ததை அள்ளினால்
ஒரு பூனை செய்யலாம்.

இன்றைக்கு மூன்றாம் நடையில்
டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு
"பாதியில பெயிண்ட் தீந்துபோச்சா?" என்றான்.
சீட்டு எழுதவில்லை, பேனாவைத் தேடினான்.
காற்று தொடங்கியது.

என் கம்பளியைத்தான் மடித்து எடுத்துப் போயிருந்தேன்.
நம்பர் வெளியே தெரியப் போர்த்தினேன்.
3117.
ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு கையை அவள் வயிற்றடியில் வைத்தேன்.

டிரைவர் இன்னொரு டீ சொன்னான்.