ஆறாம் வரிசை, கடைசிக் கல்

வெள்ளிக்கிழமைகளில் மேற்குப் பக்கம் புல் வெட்டுவேன்.
உப்புவெளிக் காற்றுக்கு மெஷின் பிளேட் கெதியாய்த் துருவும்.
கல்லில் பாசி பிடித்தால்
மெல்லிய தூரிகை, வெறும் தண்ணீர்.
சவர்க்காரம் கூடாது, அது விதி.

எல்லாம் பெடியன்கள்.
பத்தொன்பது, இருபது, இருபத்திமூன்று.
எந்தக் கடல் தாண்டி வந்தார்களோ,
நிலாவெளி வீதியோரம்
பஸ் ஹோர்ன் கேட்டபடி கிடக்கிறார்கள்.
எழுத்துக் கூட்டிக் கூட்டி
எல்லாப் பெயரும் எனக்குப் பாடம்.
வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

போன ஆவணியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள்,
தான் பிறக்க முன்னமே செத்த மாமனைத் தேடி.
புத்தகத்தில் விரலோட்டி, வரிசை எண்ணி,
கல்லைக் கண்டதும் வெயிலில் குந்தியிருந்து
"ஹலோ" என்றாள்.
அவ்வளவுதான்.
நான் கிணற்றடிக்குப் போய்
முகம் கழுவுவதுபோல் நின்றேன்.

அண்ணனுக்கும் ஒரு கல் இருந்தது.
வரிசை இருந்தது, இலக்கம் இருந்தது.
டோசர் இரண்டு தரம் போனதாம்.
பார்த்தவர்கள் சொன்னார்கள்,
நான் பார்க்கப் போகவில்லை.

அவன் போகும்போது மச்சாளுக்கு ஐந்து மாதம்.
பிள்ளை இப்போது ஏ.எல். எழுதுகிறாள்.
பள்ளிக்கூடப் படிவத்தில்
தகப்பனின் தொழில் என்ற இடத்தில்
மச்சாள் எழுதுவது: கடற்றொழில்.
அது பொய்யுமில்லை.
முதலில் அவன் வலைதான் இழுத்தான்.

ஒரு கார்த்திகையில்
குடையோடு வாசலில் நின்று கேட்டாள்:
"பெயர் இல்லாதது ஏதும் இருக்குதா?"

இருந்தது.
ஒரு போர்வீரன் என்று மட்டும் வெட்டிய கல்,
ஆறாம் வரிசையில் கடைசி, வேப்பமரத்துக்குக் கிட்ட.
அவள் நித்தியகல்யாணிப் பூ வைத்தாள்.
ஒரு மெழுகுதிரி.
மழை அதை இரண்டு நிமிடம் விட்டுவைத்தது.
அழவில்லை. பிள்ளையின் மார்க்ஸ் சொன்னாள்,
கூரைத் தகடு இரண்டு மாற்றியதைச் சொன்னாள்,
எண்பத்தேழு ரூபாய் மிச்சமிருக்கிற சீட்டுக் கணக்கைச் சொன்னாள்.
நான் தள்ளி நின்று
வெட்டிய புல்லையே திரும்ப வெட்டினேன்.

ஆறு வருடம் இப்படி.

போன வைகாசியில்
அதே கல்லில் அரலியாப் பூ.
யார் வைத்தது?
அடுத்த கிழமை கண்டேன்,
கந்தளாய் பஸ்ஸில் வந்த ஒரு பெண்,
வெள்ளைச் சேலை, கையில் மருந்துக்கடைப் பை.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.
"மகே புதா" என்றாள்.
உடல் வரவில்லையாம்,
சீல் வைத்த பெட்டிகூட வரவில்லையாம்.
மாதச் சம்பளம் வருகிறது, ஒரு பதக்கம் வந்தது.
எங்கே என்றேன்.
சம்பூர்ப் பக்கம் என்றாள்.

அண்ணனும் சம்பூர்ப் பக்கம்தான்.
எந்த மாதம் என்று கேட்க வாய் வந்தது.
கேட்டால் ஒரு கணக்கு வரும்,
அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு
நான் எப்படி ஆறாம் வரிசையில் புல் வெட்டுவது?
தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.
குடித்துவிட்டு
மிச்சத்தைக் கல்லுக்கு ஊற்றினாள்.

மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் வராமல் விடுவாளோ,
வந்து அந்தப் பூவைத் தள்ளி வைப்பாளோ,
இல்லை, பக்கத்தில் இடம் விட்டு வைப்பாளோ,
இருபது வருடம் பழகியும் எனக்குத் தெரியாது.

மேலதிகாரி வருகிற நாட்களில்
உறைந்த மெழுகை நகத்தால் சுரண்டுவேன்.
அப்போதுதான் நினைப்பு வரும்,
இந்தக் கல்லுக்குக் கீழே உண்மையாகவே ஒருவன் கிடக்கிறான்.
இரண்டு பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டு
வாய் திறக்காமல்.
அவனுக்கும் எங்கேயோ ஒருத்தி
படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பியிருப்பாள்,
திருகோணமலை என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாமல்.

கார்த்திகை பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
வேம்பு இலை கொட்டுகிறது.
கூட்டக் கூட்டக் கொட்டுகிறது.