கழிவு போக

ஒட்டுசுட்டான் நெல்லாலையில்
தராசடியில் நிற்பவள் நான்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
பதருக்கு ஆளின் முகத்தைப் பார்த்து என்று
பத்து வருசமாய்
ஆர் நெல்லைக் கொண்டுவந்தாலும்
கழித்தே எழுதிய கை.

போன மாதம் கிளினிக்கில்
என்னை ஏற்றி நிறுத்தினார்கள்.
எண்பத்து நாலு.
"மிசி, சீலைக்கு ஒன்று கழியுங்கோ,
காப்புக்கு அரை."
சிரித்தாள். கழிக்கவில்லை.
கொப்பியில் சிவப்பால் எழுதினாள்.

பிறகு ஒரு கோப்பை கீறினாள்.
பாதிக்கு இலையும் மரக்கறியும்.
ஒரு காலுக்கு மீனோ பருப்போ.
மற்றக் காலுக்குள்
நெருக்கிப் பிடித்து உட்காரவேண்டும் சோறு.
"பசிச்சால்?"
"பசிக்காது அக்கா. நார்ச்சத்து கனநேரம் நிற்கும்.
ஆறுதலாய் மென்று தின்னுங்கோ.
வயிறு நிறைஞ்ச செய்தி தலைக்குப் போய்ச்சேர
இருபது நிமிசம் வேணும்."

இருபது நிமிசத்தில்
மாங்குளம் பஸ் கரிப்பட்டமுறிப்பைத் தாண்டிவிடும்.
என் தலைக்கு அந்தச் செய்தி
பதினாறு வருசமாய் வந்துசேரவில்லை என்று
அவளிடம் சொல்லவில்லை.
அப்போது அவளுக்கு
ஐந்து வயசு இருந்திருக்கும்.

செய்துதான் பார்த்தேன்.
பத்து மணிக்கு அவித்த கௌபி,
தேங்காய்ச் சொட்டு நாலு.
சீனியில்லாத தேத்தண்ணி:
முதல் கிழமை, ஆரோ என்னோடு
கோவித்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது.
மத்தியானம் முருங்கையிலை வறை,
முத்தையன்கட்டுக் குளத்து விரால்,
பொரிக்காமல் தணலில் சுட்ட கத்தரிக்காய்.
குரக்கன் புட்டுத்தான் பொல்லாதது.
ஒரு சிரட்டை உள்ளே போனால்
நாலு மணிவரை குந்தியிருக்கும்,
கடன் கேட்டு வந்த மச்சான் மாதிரி
எழும்பவே எழும்பாது.

மூட்டை தூக்கும் கோணேசு கேட்டான்:
"நெல்லாலையில நிண்டுகொண்டு
சோத்துக்குப் பஞ்சமோ அக்கா?"
அந்தச் சொல்லைப் பகிடிக்கும்
வாயில் வைக்காதை என்று ஏசினேன்.
பெடியன் பயந்துபோனான்.
பிறகு அவனுக்கும் கொஞ்சம் கௌபி கொடுத்தேன்.

பகல் சரி. இரவுதான்.
இரண்டு மணிக்குக் கண் முழிக்கும்.
வயிற்றைத் தொட்டால்
அது நிறைந்துதான் கிடக்கிறது.
கை மட்டும் எழும்பும்.
கட்டிலுக்குக் கீழே தகரப்பெட்டியில்
பிஸ்கட் பைக்கற்று ஆறு.
கைப்பையில் ஒன்று.
தையல் மெசின் லாச்சியில் ஒன்று, திகதி முடிந்தது.
பதுங்குகுழிக்குள் ஒரு பைக்கற்றை
ஒன்பது பேருக்குப் பிரித்து,
பிறகு மடியில் கிடந்த துகளை
விரல்நுனியால் ஒற்றியெடுத்த கை அது.
கிளினிக் கொப்பியில்
அதற்குக் கட்டம் இல்லை.

போன செவ்வாய் இரவு
மென்றுகொண்டே மணிக்கூட்டைப் பார்த்தேன்.
இருபது நிமிசம் கடந்திருந்தது.
பானையில் இன்னும் ஒரு அகப்பைச் சோறு.
வழித்துப் போடத்தான் கை போனது.
போன கையால்
தண்ணீர் ஊற்றி மூடினேன்.
பூனைக்குப் பயந்து
மேலே ஒரு கல்லும் வைத்தேன்.

இரண்டு மணிக்கு முழித்தேன்.
வெறுங்காலோடு குசினிக்குப் போய்க்
கல்லை எடுத்து
மூடியைத் திறந்தேன்.
இருந்தது.
போன் வெளிச்சத்தில், தண்ணீருக்குக் கீழே,
ஒருவரும் பறித்துக்கொண்டு போகாமல்
வெள்ளையாய் இருந்தது.
மூடிவிட்டு வந்து படுத்தேன்.
எப்போது நித்திரையானேன் என்று தெரியாது.

காலமை, ஆட்கள் வர முன்னம்,
நெல்லுத் தராசில் ஏறினேன்.
எண்பத்தொன்றரை.
"சாக்குக்குக் கழிக்கவோ அக்கா?"
"வேண்டாம். உள்ளதை எழுது."

லாச்சிக்குள் இருந்ததைக்
கோழிக்குப் போட்டுவிட்டேன்.
பெட்டிக்குள் இருக்கும் ஆறும்
இப்போதைக்கு இருக்கட்டும்.