எண்பத்தைந்து மில்லிமீட்டர்

டவுன்ஹால் ரோட்டில் பழசாக வாங்கிய லென்ஸ்.
மூடியின் உள்பக்கம் யாரோ கீறிய இனிஷியல்: கே.எஸ்.
விலையை வீட்டில் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் படம் உனக்குத்தான் என்றேன்.
பாண்டிமீனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
கேமராவுக்குள் பார்த்தால் ஒரு காது,
காதிலும் திருகாணி மட்டும்.

ஜெய்ஹிந்துபுரத்தில் பத்துக்குப் பத்து வீடு.
பின்னால் நகர்ந்தேன். பீரோ இடித்தது.
வாசலுக்கு வந்தேன்,
முகம் வந்தது, கை வரவில்லை.
எதிர்வீட்டு பல்சரைத் தள்ளிவைத்து
குடங்களைத் தாண்டி
சந்தின் அந்தப்பக்கச் சுவரில்
முதுகை ஒட்டியபோதுதான்
முழுசாக வந்தாள்:
நிலைச் சட்டத்துக்குள், கத்தியோடு,
கலங்கிய கண்ணோடு,
பின்னால் அடுப்படி மொத்தமும் கரைந்துபோய்.

என்னவோ சொன்னாள்.
அமுக்கினேன்.
குறுக்கே தண்ணீர் வண்டி ஹாரன் அடித்துப் போனது.
"என்ன சொன்ன?"
அவள் உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
இமைமுடியை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.
உதடு குவிந்து நிற்கிறது.
'போதும்' என்றிருக்கலாம்.

'முழுசா எவ்வளவு' என்று
ஆரம்பித்திருக்கவும் கூடும்.